நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்து மாறிலி

பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் இளைஞர் மூவர், சென்ற திங்கள் ஒரு செய்தித்தாள் நறுக்கை எனக்கு அனுப்பியிருந்தனர். பேரண்டத்தை விரித்துச் செல்லும் ஆற்றல், இதுகாறும் கருதியதுபோல் என்றும் ஒரே அளவினதாக இல்லாமல், காலப்போக்கில் மெலிந்து வருகிறதோ என்று வானியலார் சிலர் ஐயுறுகின்றனர் என்பது செய்தி. நறுக்கின் அடியில், "ஐயா, உங்கள் லாம்டா மாறுகிறதாமே! அந்தக் கதையை இப்போதாவது எழுதித் தாருங்கள்" என்று ஒரு வரி.

"உங்கள் லாம்டா" என்று அவர்கள் எழுதியது கேலி. ஆயினும் அவ்வுரிமையை நான் மறுப்பதாக இல்லை. யான் இயற்பியல் கற்றவன் அல்லேன். முப்பத்தைந்து ஆண்டு சிவகாசியில் மெய்ப்புத் திருத்திப் பிழைத்தவன். ஆனாலும் அவ்வாற்றலைக் குறிக்கும் அந்தக் கிரேக்க எழுத்து காலத்தால் மாறுமா, மாறாதா என்னும் வினாவுக்கு, ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்குள் விடை காணும் கடமை எனக்கு நேர்ந்தது. விடை பிழைத்தால் என் வேலை போகும் என்ற நிலையில் அது நேர்ந்தது.

வித்துவான் தேர்வில் வென்றும் பள்ளிப் பணி வாய்க்காமல், அறுபதுகளின் தொடக்கத்தில் அச்சகம் ஒன்றில் சேர்ந்தேன். ஓராண்டு தகுதிகாண் பருவம். பயிற்சியைப் பற்றி விரித்துரைக்க ஒன்றுமில்லை. ஆறு மாதம் பட்டாசு லேபிள்களில் சந்தி திருத்தினேன். பட்டாசு முதலாளிகள் அவற்றையெல்லாம் பழையபடியே போடச் சொன்னார்கள். அதன்பின் என்னைப் புத்தகப் பகுதிக்கு மாற்றினர்.

அச்சகத்தின் முன்கட்டு முழுதும் லேபிளும் காலண்டரும். பின்கட்டில் இரண்டு அச்சுப்பொறியும் ஆறு அச்சுக்கோப்பாளரும் கொண்டது புத்தகப் பகுதி. அதன் மேற்பார்வையாளர் வேலுச்சாமி. எல்லாரும் அவரை ஃபோர்மேன் என்றே அழைத்தனர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். ஆனால் இடவலம் மாறி நிற்கும் ஈய எழுத்துகளை, நாம் அச்சிட்ட தாளைப் படிப்பதினும் விரைவாகப் படிப்பார். அவர் குரலை உயர்த்தி, ஒரு முறை தவிர, நான் கேட்டதில்லை. சினம் மிகுந்தால் மரியாதையும் மிகும். 'புலவரே' என்று அவர் தொடங்கினால் அச்சுக்கோப்பாளர்கள் தலைநிமிராமல் வேலை செய்வார்கள்.

அவரிடம் இரண்டு நடைமுறைகள் இருந்தன. பதினாறு பக்கங்களை ஒரே சட்டத்தில் முடுக்கி ஒருங்கே அச்சிடுவது ஒரு ஃபாரம். ஒவ்வொரு ஃபாரமும் பொறியில் ஏறுமுன் மெய்ப்புத் திருத்துபவனை அழைத்து, "சந்தேகம் உண்டா?" என்று கேட்பார். 'இல்லை' என்றால் கையொப்பம் வாங்கிக்கொண்டு பொறியை ஓட்டுவார். 'உண்டு' என்றால், எத்துணை அவசரமாயினும் ஃபாரம் இறங்கும். நூலாசிரியரைக் கேட்டறிந்த பின்பே மீண்டும் ஏறும். மற்றொன்று பிழைக் குறிப்பேடு. அச்சேறிவிட்ட பிழை ஒவ்வொன்றையும், அதைச் செய்தவன் தன் கைப்பட அதில் எழுத வேண்டும். காரணம் எழுதக் கூடாது. பிழையை மட்டும் எழுத வேண்டும்.

முதல் நாளே நீலப் பென்சில் ஒன்றை என்னிடம் கொடுத்துச் சொன்னார்: "எழுதுனது அவரு. அடுக்குறது நாம. நடுவுல ஒங்களுக்குப் பென்சில்தான் குடுத்துருக்கு, புலவரே. பேனா குடுக்கல."

கல்லூரியிலும் தமிழில் பாடம் சொல்லலாம் என்ற பேச்சு எழுந்திருந்த காலம் அது. விருதுநகர்க் கல்லூரியொன்றில் இயற்பியல் கற்பித்த பேராசிரியர் ஒருவர், பொதுச் சார்பியலைத் தமிழில் நூலாக எழுதிக் கொணர்ந்தார். துணிப்பையோடு பேருந்தில் வந்து இறங்கும் மெலிந்த மனிதர். "இங்கிலீசுல எழுதுனா நூறு பேரு படிச்சிட்டு மறந்துருவாங்க. தமிழ்ல எழுதுனா பத்துப் பேரு சண்டைக்கு வருவாங்க. எனக்கு அந்தப் பத்துப் பேரு வேணும்" என்பார். அந்த நூல் என் கைக்கு வந்ததை நற்பேறாகவே கருதினேன்.

ஆறு ஃபாரங்கள் இடையூறின்றி முடிந்தன. ஏழாவதில்தான் அண்டவியல் மாறிலி அறிமுகமாகிறது. அதற்குரிய குறி Λ, லாம்டா என்னும் கிரேக்க எழுத்து. எங்கள் அச்சகத்தில் கிரேக்க எழுத்து ஏது? அச்சுக்கோப்பாளர் மாரிமுத்து, ஆங்கில எழுத்துப் பெட்டியிலிருந்து V என்னும் எழுத்தை எடுத்துத் தலைகீழாக நட்டுவிட்டார். நாரணாபுரத்திலிருந்து நாள்தோறும் மிதிவண்டியில் வருபவர், அறிவுக் கூர்மையர். அவருடைய உத்தி பழுதற்றது. அதை என்னிடம் எவரும் சொல்லாததுதான் பழுதாயிற்று.

அச்சுக்கோப்பாளரிடையே ஒரு வழக்கம் உண்டு. பெட்டியில் ஓர் எழுத்துத் தீர்ந்துபோனால், அதே தடிமனுள்ள பிறிதோர் எழுத்தைத் தலைகீழாக நட்டு இடம்பிடித்து வைப்பார்கள். மெய்ப்பில் அதைக் கண்டால் 'திருப்புக' என்று குறியிட வேண்டும் என்பது நான் கற்ற முதற்பாடம். பேராசிரியரோ, "சமன்பாடுகளைக் கைப்பிரதியோட நானே ஒப்பிட்டுக்கிறேன். நீங்க தமிழ மட்டும் பாருங்க" என்று சொல்லியிருந்தார். ஆகவே கைப்பிரதியைப் பாராமல் மெய்ப்பை மட்டும் பார்த்தேன். பக்கந்தோறும் கவிழ்ந்த V-க்கள். வரியின் அடிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இறங்கிவேறு நின்றன. பாடம் பிறழாமல், அறுபதுக்கு மேற்பட்ட இடங்களில் நீலப் பென்சிலால் 'திருப்புக' என்று குறியிட்டேன். அன்று மாரிமுத்து விடுப்பு. குறியைக் கண்ட வேறொருவர் அத்தனையையும் திருப்பிவிட்டார்.

திருத்திய மெய்ப்பைக் கண்ட பேராசிரியர் நேரில் வந்தார்.

"என்னங்க இது! அத்தன லாம்டாவையும் கவுத்திட்டீகளே!"

"கவுந்து கெடந்ததத்தான் சார் நிமித்திட்டாக" என்றார் மாரிமுத்து, முகத்தில் சிரிப்பின் சுவடு இல்லாமல்.

"வி-ன்னா பருமன்யா! அண்டத்தோட கன அளவு! இதே ஃபாரத்துல பருமனும் வருது, லாம்டாவும் வருது. இப்ப எது எதுன்னு யாரு சொல்றது?"

அவர் அன்றே விடைத்தாள் திருத்தும் பணிக்காகச் சென்னைக்குப் புறப்பட வேண்டியிருந்தது. திரும்ப மூன்று வாரம் ஆகும். கடிகாரத்தைப் பார்த்தார். மெய்ப்பின் தலையில், 'பருமன் வரும் இடங்கள் நீங்கலாக எல்லா V-க்களையும் Λ ஆக்குக' என்று எழுதி, "பாத்தாலே தெரியும்" என்று சொல்லிவிட்டு, அடுத்த இயல்களைச் செப்பம் செய்வதற்காகக் கைப்பிரதியையும், என் குறிகள் கொண்ட முதல் மெய்ப்பையும் துணிப்பையில் திணித்துக்கொண்டு பேருந்துக்கு ஓடினார்.

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். "புலவரே, திருப்புனது நீங்க. திரும்பத் திருப்புறதும் நீங்கதான். பட்டாசுக் கம்பெனி விலைப்பட்டியல் ஆர்டர் அம்புட்டும் காத்துக் கெடக்கு. இங்கிலீசு கேஸ்ல வி ஒண்ணுகூட இல்ல. எல்லாம் ஒங்க ஃபாரத்துல நிக்குது. நாளைக்கு ரெண்டு மணிக்கு ஏத்திருவோம்." பின்பு சொன்னார்: "இன்னொருக்கப் பிழை வந்துச்சுன்னா மொதலாளிகிட்ட நான் ஒண்ணும் பேசமாட்டேன்." பேசமாட்டேன் என்றால் என் தகுதிகாண் பருவம் அத்தோடு முடியும் என்று பொருள்.

மறுநாள் காலை வேலையைத் தொடங்கினேன். பேராசிரியர் சொன்னது மெய்யே. பெரும்பாலான இடங்களில் பார்த்தாலே தெரிந்தது. சமன்பாட்டில், வெளியில் தொலைவை அளக்கும் கூறாகிய அளவியின் குறிக்கு முன்னால் நிற்பதெல்லாம் மாறிலி. ஆரத்தோடு சேர்ந்து வருவதெல்லாம் பருமன். பதினோரு மணிக்கு ஒரே ஓர் எழுத்து எஞ்சியது. ஃபாரத்தின் இறுதிப் பக்கமாகிய நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரி:

'பொருளும் ஆற்றலும் தனித்து முழுமையாகக் காக்கப்படும்போதும், V காலத்தோடு மாறலாம்.'

பருமன் காலத்தோடு மாறலாம் என்றால், அண்டம் விரியலாம், சுருங்கலாம் என்றாகும். மாறிலி காலத்தோடு மாறலாம் என்றால் அது முற்றிலும் வேறான கூற்று. வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுத்தது. மாறிலி என்னும் பெயரை வைத்துத் தீர்க்கலாமோ எனில், பெயர் சான்றாகாது. மனிதர் இட்ட பெயருக்கு அண்டம் கட்டுப்படுமா?

அடுக்கியவரையே கேட்டேன். "மாரிமுத்து, இந்த வரிய மொத அடுக்குனப்ப வி-யக் கவுத்து வச்சீகளா, நேரா வச்சீகளா?"

"நேத்து என்ன கொழம்புன்னு கேளுங்க, சொல்றேன். மூணு வாரத்துக்கு முந்தி வச்ச எழுத்தக் கேக்கீக!"

ஆகவே அச்சான ஆறு ஃபாரங்களையும் எடுத்து முதற்பக்கத்திலிருந்து படித்தேன். கணிதம் விளங்கவில்லை; ஆனால் தமிழ் விளங்கியது. ஒரு நூல் தன்னோடு தான் முரண்படாது என்னும் நம்பிக்கையில், நூற்பாவுக்கு உரை காண்பதுபோல் வரி வரியாகச் சென்றேன். நாற்பத்தொன்றாம் பக்கத்தில் நின்றேன். வெளியின் வளைவைக் குறிக்கும் கூறு இடத்துக்கு இடம், கணத்துக்குக் கணம் எப்படி மாறினும், அம்மாற்றங்கள் தமக்குள் ஈடுகட்டிக்கொண்டு மொத்தத்தில் சுழியாகிவிடும். இது வடிவக் கணிதத்தின் கட்டாயம், இதற்கு விலக்கில்லை என்று அங்கே பேராசிரியர் எழுதியிருந்தார். அளவிக்கும் அவ்வாறே சுழி. பொருளும் ஆற்றலும் தனித்துக் காக்கப்படின், சமன்பாட்டின் மறுபக்கத்திலும் சுழி.

ஏழாம் ஃபாரத்தின் சமன்பாட்டை இதனருகே வைத்துப் பார்த்தேன். வளைவோடு, மாறிலியால் பெருக்கிய அளவியைக் கூட்டினால், அது பொருளுக்கு நிகர். அவ்வளவே சமன்பாடு. மாரிமுத்துவின் பலகையருகே போய்ச் சொன்னேன்:

"மூணே மூணு உருப்படி, மாரிமுத்து. வளைவு தன்னால சரிக்கட்டிக்கிரும். பொருளு கூடாது, கொறையாது. நடுவுல ஒங்க கவுந்த வி. அது மட்டும் நாளுக்கு நாள் மாறுமா?"

அவர் கையில், எழுத்துகளை வரியாகச் சேர்க்கும் இரும்புக் கோல், அவர்கள் சொல்லும் ஸ்டிக், இருந்தது. அதிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "வரி எம்புட்டு அகலம்னு மொதல்லயே ஸ்டிக்க முடுக்கியாச்சு. ஒரு எழுத்தத் தடிசாப் போடணும்னா, நடுவுல நிக்கிற ஸ்பேஸ் கட்டைய மெலிசாக்கணும். அகலத்தத் தொடாத, ஸ்பேஸையும் தொடாதன்னு சொன்னீகன்னா, எழுத்தையும் தொடாதன்னுதான அர்த்தம்?"

"ஸ்பேஸத் தொடலாம்னா?"

"அப்ப எழுத்தும் மாறலாம். யாரு வேண்டாங்கா? எனக்கு வரி நெறையணும், அம்புட்டுத்தான்."

என் உள்ளம் தெளிந்தது. அந்த வரியோ பொருள் தனித்துக் காக்கப்படுவதாகச் சொல்கிறது. இடவெளிக் கட்டையைத் தொடாதே என்கிறது. ஆகவே அங்கே மாற வல்லது பருமனே, மாறிலி அன்று. V-யை நிமிர்ந்தபடியே விட்டேன்.

இரண்டு மணிக்கு ஃபோர்மேன் கேட்டார்: "சந்தேகம் உண்டா?"

"இல்லை" என்றேன். கையொப்பமிட்டேன். அன்றைய நாளில் என்னினும் நிமிர்ந்து நடந்தவர் சிவகாசியில் இருந்திரார்.

ஃபாரம் அச்சாயிற்று. எழுத்துகளைக் கழுவிப் பிரித்துப் பெட்டியில் இட்டனர். மாறிலியாக நின்ற V-க்கள் எல்லாம் மறுநாளே பட்டாசு விலைப்பட்டியலுக்குள் புகுந்தன. இனி மீட்க முடியாது.

மூன்று வாரங்கழித்துப் பேராசிரியர் வந்தார். அச்சான ஏழாம் ஃபாரத்தைப் புரட்டி, "பரவாயில்ல, பாத்துத்தான் திருப்பிருக்கீக" என்று மகிழ்ந்தார். கடைசி வரிக்கு வந்ததும் முகம் மாறியது. துணிப்பையிலிருந்து பழைய முதல் மெய்ப்பை எடுத்து விரித்தார். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரியில், நீலப் பென்சிலால், என் கையால், 'திருப்புக' என்னும் குறி.

அந்த எழுத்து முதலில் கவிழ்ந்து நின்றது என்பதற்கு என் குறியே சான்று. பேராசிரியர் எழுதியது Λ.

"நான் லாம்டான்னுல எழுதுனேன்! என் வரிய மாத்த நீங்க யாரு?"

ஃபோர்மேன் இரண்டு தாள்களையும் மாறிமாறிப் பார்த்தார். "சந்தேகம் இல்லைன்னீகளே, புலவரே" என்றார், மிகுந்த மரியாதையோடு. மாரிமுத்து தலைநிமிரவில்லை.

அச்சான மூன்றாம் ஃபாரத்தை எடுத்து நீட்டினேன். "சார், நாற்பத்தொண்ணாம் பக்கத்தக் கொஞ்சம் பாருங்க. அங்க நீங்க எழுதுனது சரின்னா, இங்க லாம்டா மாற வழியில்ல" என்றேன்.

அவர் தம் எழுத்தைத் தாமே படித்தார். பின்பு, தாள்கட்டின் மேல் அமர்ந்து, கழித்துப் போட்ட கிளிப் படமிட்ட பட்டாசு லேபிள் ஒன்றைத் திருப்பி, அதன் வெள்ளைப் பக்கத்தில் கணக்கிடத் தொடங்கினார். ஒரு லேபிள் நிரம்பியது, இரண்டாவதும் நிரம்பியது. மூன்றாவதில் நான்கே வரி எழுதி நிறுத்தினார்.

"நான் எழுதுனது தப்பு" என்றார். ஒரு கல்லூரிப் பேராசிரியர், எட்டுப் பேர் கேட்க, அச்சகத்துக்குள் சொன்ன சொல் அது. "லாம்டாவும் ஒரு எழுத்துதான, காலத்தோட மாறுறதா வச்சா என்னன்னு அலட்சியமா எழுதிட்டேன். வைக்க முடியாது. பொருள் தனியாக் காக்கப்பட்டா அது அசையாது. அசையணும்னா பொருளுக்குக் குடுத்தோ, பொருள்கிட்ட இருந்து எடுத்தோதான் அசையணும். ரெண்டையும் சேத்துத்தான் காக்க முடியும். அப்பிடி அசையிற ஒண்ண, மாறிலின்னு இந்தப் பக்கம் வைக்கிறதவிட, பொருள் பக்கத்துல புதுசா ஒண்ணுன்னு வச்சுக்கிறதுதான் நியாயம்." பிறகு என்னைப் பார்த்து, "எங்கங்க இயற்பியல் படிச்சீக?" என்று கேட்டார்.

"ஒங்க நூல்லதான் சார், ஆறு ஃபாரம். மிச்சத்த மாரிமுத்து சொன்னாரு."

நான் தப்பினேன் என்றே எண்ணினேன். ஃபோர்மேன் பிழைக் குறிப்பேட்டைக் கொணர்ந்து என்முன் விரித்தார்.

பேராசிரியர் பதறினார். "என்னங்க நீங்க! அது பிழையே இல்லையே. அவரு விட்டதுதான் சரி!"

"ஒங்க பாடத்துல அது சரி சார். எங்க தொழில்ல அது பிழை. எது சரின்னு இவுகளுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. நீங்க என்ன எழுதுனீகன்னு தெரிஞ்சிருந்துச்சா?" என்னை நோக்கித் திரும்பினார். "நான் கேட்டது அந்தச் சந்தேகத்தத்தான் புலவரே."

நீலப் பென்சிலை எடுத்து எழுதினேன்: 'பக்கம் 112, கடைசி வரி. ஆசிரியர் எழுதியது Λ. நான் விட்டது V. கேட்டறியாமல், ஐயமில்லை என்று கையொப்பமிட்டேன்.'

பென்சிலைக் கீழே வைக்குமுன் பேராசிரியர் ஏட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து அதன் கீழே எழுதினார்: 'ஆசிரியர் எழுதியது பிழை. V நிற்க.' கையொப்பமும் இட்டார்.

அந்த ஏட்டில் வெளியார் எழுதியதை ஃபோர்மேன் அதுவரை பொறுத்ததில்லை. "பேனாவால எழுதிட்டீகளே சார்" என்றார்.

"எனக்குப் பேனா உண்டுல்ல."

ஃபோர்மேன் ஏட்டை மூடிக்கொண்டு போய்விட்டார்.

எட்டாம் ஃபாரத்தின் தொடக்கமாகிய நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்தில், லேபிளின் பின்புறத்தில் கண்டறிந்ததைப் பேராசிரியர் ஒரு பத்தியாக விளக்கிச் சேர்த்தார். அதில் ஒரு சொல்லின்மேல் எனக்கு ஐயம் எழுந்தது. ஃபாரம் பொறியில் ஏறியிருந்தது. விலைப்பட்டியல்கள் இன்னும் காத்துக்கொண்டிருந்தன. ஃபோர்மேன் வந்து, எதுவுமே நடவாததுபோல், "சந்தேகம் உண்டா?" என்று கேட்டார்.

"உண்டு" என்றேன்.

"எறக்குலே ஃபாரத்த!" என்றார் பொறியோட்டியிடம். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு முறைதான். மறு திங்கள் என் பணி உறுதியாயிற்று. முதலாளியிடம் அவர் என்ன பேசினார் என்பதை நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அதன்பின் முப்பத்து நான்கு ஆண்டு அங்கே இருந்தேன். பிழைக் குறிப்பேட்டில் என் கைப்பட எழுதியவை வேறு பதினேழு உண்டு, அவற்றுக்கெல்லாம் நாணுகிறேன். அந்த முதலாவதற்கு மட்டும் நாணத்தோடு பெருமிதமும் கொள்கிறேன். அண்டத்தைப் பற்றிய வினா ஒன்றுக்கு, வரிக்கோலும் நாற்பத்தொன்றாம் பக்கமும் துணையாகச் சரியான விடை கண்டேன். அதே கணத்தில் என் தொழிலில் பிழை செய்தேன். இரண்டையும் ஒரே பக்கத்தில், இருவர் கையெழுத்தில், அந்த ஏடு ஏந்தியிருந்தது.

இளைஞர்கள் அனுப்பிய நறுக்கு இப்போது என் மேசைமேல் இருக்கிறது. மெலிவது மெய்யானால், அதற்கு ஈடாகத் தடித்தது எது என்று அச்செய்தியில் ஒரு சொல்லும் இல்லை. அவ்விடத்தில், ஓரத்தில், நீலப் பென்சிலால் ஒரு வினாக்குறி இட்டு வைத்திருக்கிறேன். திருத்தவில்லை.